தரையும் அல்ல, ஆகாயமும் அல்ல

எங்கள் ஊர்ப் பெருமாளைப் பற்றி வெளியூர் நேயர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். செங்கற்பட்டுக்குச் சற்று வடக்கே, சிறிய குன்று ஒன்றைக் குடைந்து அமைத்த கோயிலில், பாடலாத்ரி நரசிம்மர் என்ற திருநாமத்துடன் அவர் எழுந்தருளியிருக்கிறார். ஊருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் என்ற பெயர் வந்ததே அவரால்தான். அவர் கதை தெரியாத குழந்தை எங்கள் ஊரில் கிடையாது. மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் சாகக் கூடாது, வீட்டின் உள்ளும் புறமும் சாகக் கூடாது, தரையிலும் ஆகாயத்திலும் சாகக் கூடாது என்றெல்லாம் இரணியன் வரம் வாங்கி வைத்திருந்தான். பெருமாள் என்ன செய்தார்? அந்தி வேளையில், வாசற்படியில் அமர்ந்து, அவனைத் தம் மடிமேல் கிடத்திக்கொண்டு காரியத்தை முடித்துவிட்டார்.

இருபது வருஷங்களாக நான் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். ஆயினும் தரைக்கும் ஆகாயத்துக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது என்பதை நானே அநுபவத்தில் கண்டது சென்ற மாசி மாதத்தில்தான். இரணியனுக்கு அந்த நடு இடம் யமனாக முடிந்தது. எனக்கோ அது நல்ல தூக்கத்தைக் கொடுத்தது, இன்னொன்றையும் கொடுத்தது. அந்த இன்னொன்றைச் சொல்வதற்காகவே இந்த வாரக் கட்டுரையை எழுதுகிறேன்.

செங்கற்பட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகக் கொளவாய் ஏரியைப் பார்த்திருப்பார்கள். நானும் எங்கள் சரித்திர ஆசிரியரும் அந்த ஏரியைப் பார்த்துப் பார்த்தே தண்ணீர்ப் பைத்தியம் பிடித்தவர்கள். நாற்பது வயதுக்கு மேல் பிடிக்கும் பைத்தியங்கள் எளிதில் தீர்வதில்லை. இருவர் உட்காரும் துடுப்புத் தோணிகள் இரண்டை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிக்கொண்டு, சென்ற தை மாதத்துப் பொங்கல் விடுமுறையில் நாலு பேராகப் புறப்பட்டோம்: நான், சரித்திர ஆசிரியர், கல்லூரியில் படிக்கும் என் தமையன் மகன், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன். முதலியார்குப்பத்து உப்பங்கழியில் தோணியை இறக்கித் தெற்கே ஆலம்பரைக் கோட்டைப் பக்கமாகப் போவது என்று தீர்மானம்.

அந்த நீர்வழி சாமானியமானதல்ல. அதுதான் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்பகுதி. 1806-ஆம் வருஷத்தில் பேஸில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய், வரவர நீண்டு, வடக்கே பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆயிற்று. சென்னை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதி, தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, பசித்த ஜனங்களின் கைகளால் வெட்டப்பட்டது. அதற்குக் கவர்னர் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயரை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் வெகு காலம் அதில் போய் வந்தன. பிறகு 1965, 1966, 1976 வருஷங்களில் அடித்த புயல்களும், சாலையும், ரயிலும் சேர்ந்து படகுப் போக்குவரத்தை முடித்துவிட்டன. எங்கள் தோணிகளுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எதிரே படகு வராத பாதையில் கொக்குகளையும் நாரைகளையும் மட்டும் விலக்கிக்கொண்டு சுகமாகப் போனோம்.

பொழுது சாயும் வரையில்தான் அந்தச் சுகம்.

கரையில் ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாகக் கூடாரம் போட்டோம். அதுவும் இரவல்தான். நல்ல கனமான கித்தான் கூடாரம்; தரைக்குத் தனித் துணி. கூடாரம் என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு மதிப்பு உண்டு. தண்டு இறங்கிய சேனாதிபதியும், ஜமாபந்திக்கு வந்த கலெக்டரும் கூடாரத்தில்தானே தங்கினார்கள்? ஆனால் சேனாதிபதிக்கும் கலெக்டருக்கும் முளை அடிக்க ஆட்கள் இருந்தார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. மணலில் அடித்த முளை, பாயசத்தில் நட்ட கரண்டியைப் போல் சாய்ந்துகொண்டே வந்தது. சரித்திர ஆசிரியர் ஒரு முளையின் மேல் தம்முடைய சாப்பாட்டு மூட்டையை வைத்தார். இன்னொன்றின் மேல் தாமே உட்கார்ந்தார். ஒருவாறாகக் கூடாரம் நின்றது. உள்ளே போய்ப் படுத்தால் புழுக்கம். திரையைத் திறந்தால் கொசு. மூடினால் மறுபடியும் புழுக்கம். நள்ளிரவுக்கு மேல் உப்பங்கழித் தண்ணீர் சிறிது ஏறி, மணல் கசிந்து, தரைத்துணி ஒரு பக்கம் ஈரமாகிவிட்டது. நாலு பேரும் மற்றொரு பக்கம் ஒதுங்கி, வெற்றிலைக் கட்டு மாதிரி ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு விடியும் வரை கிடந்தோம்.

விடிந்தது. கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் சில இருளர் ஸ்திரீகள். அவர்களில் வயதான ஓர் அம்மாள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "ராத்திரி தூங்கினீர்களா, ஐயா?" என்று விசாரித்தாள். நான் சிரித்துக்கொண்டே தரைத்துணியைச் சுருட்டத் தொடங்கினேன்.

"ஐயா, கையை எடு!" என்றாள்.

துணியின் கீழே, உலர்ந்திருந்த பக்கத்தில், கருநிறத்தில் மெல்லிய வெண்கோடுகளுடன், ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது.

"கட்டுவிரியன். ஒதுங்க இடம் பார்த்து வந்திருக்கிறது. அதற்கு உங்கள் மேல் ஒரு பகையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் ஒரு நீண்ட கோலால் அதைப் புதர்ப் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு ஒன்றும் நடவாதது போல் மறுபடியும் தண்ணீரில் இறங்கிப் போனாள்.

அந்தத் துணியின் மேல், அந்த இடத்தில், இரவெல்லாம் படுத்திருந்தவன் என் பழைய மாணவன். அவன் முகம் வெளுத்துப் போயிற்று. அதற்குக் காரணம் எனக்கு மட்டுமே தெரியும்.

* * *

அவன் என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு நாள் பள்ளிக்கு வரவில்லை. அவன் தகப்பனார் செங்கல் சூளையில் வேலை செய்தவர். குடிசையில் எல்லாரும் தரையில் பாய் விரித்துப் படுப்பது வழக்கம். விடியற்காலம் பையன் வயிற்று வலி என்று அழுதான். முதல் நாள் தின்ற பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி, ஓமம் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். சிறிது நேரத்தில் அவன் கண் இமைகள் தாமாகவே மூடிக்கொண்டன, பேச்சுக் குழறியது. பக்கத்து வீட்டிலிருந்த ஓர் இருளர் பெரியவர் மட்டும் அதைப் பார்த்ததும், "இது வயிற்று வலி அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்" என்று சொன்னார். ஓடினார்கள். விஷமுறிவு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் இயந்திரத்தால் மூச்சு விட வைத்தார்கள். பையன் பிழைத்தான். கடித்த அடையாளம் இன்ன இடத்தில் என்று கடைசி வரையில் சரியாகத் தெரியவில்லை.

கட்டுவிரியனின் குணம் அதுதான். நாகமும் கண்ணாடிவிரியனும் கடித்தால் வலியும் வீக்கமும் உடனே சொல்லிவிடும். கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையில் உறங்குகிறவரைக் கடிப்பது. கடித்ததே தெரியாமல் கடிப்பது. விஷம் நரம்புகளைத் தாக்கும். விடியற்காலத்து வயிற்று வலியும், மூடிக்கொள்ளும் இமைகளுமே முதல் அடையாளமாக இருக்கும். இந்த நாலு வரியை மட்டுமாவது நேயர்கள் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்ட வேண்டுகிறேன்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது வருஷங்களில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் பன்னிரண்டு லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 58,000. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். 2023 மே மாதம் வேலூர் ஜில்லாவின் அல்லேரி மலையில், வீட்டு வாசலில் உறங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்ததையும், சாலை இல்லாத காரணத்தால் தாய் அதன் உடலைச் சுமந்துகொண்டு மலைமேல் நடந்ததையும் பத்திரிகைகளில் படித்தோம். படித்துவிட்டு மறந்தோம். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பாம்புகளிடமிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள், 1978-இல் ஏற்பட்டு மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் நடந்துவரும் இருளர் கூட்டுறவு சங்கத்தார். எங்கள் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ஆம் வருஷத்தில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தேசத்துக்கே மருந்து கொடுக்கும் ஜனங்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் கட்டில் இருக்கிறது என்று நான் கேட்க விரும்பவில்லை.

* * *

வீடு திரும்பியதும், "இனிமேல் தோணிப் பிரயாணம் என்ற பேச்சே கூடாது" என்றாள் என் மனைவி. அது நியாயமான உத்தரவுதான். நான் மௌனமாக இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார்தான் வாயைத் திறந்தாள்.

"தரையில் படுத்தால் பூச்சி பொட்டு வரத்தான் வரும். நடவுக்குப் போகிறவள் பிள்ளையை வரப்பிலா கிடத்துகிறாள்? மரத்தில் தூளி கட்டி அதில் போட்டுவிட்டுப் போகிறாள். அந்தப் புத்தி பி. எஸ்ஸி. படித்த உனக்கு ஏன் இல்லை?"

"பிள்ளைக்குத் தூளி சரி, அம்மா. எனக்கு எப்படி?"

"உன்னையும் தூளியில் போட்டு வளர்த்தவள்தான் நான். துணி கொஞ்சம் பெரிசாய் வேண்டும், அவ்வளவுதானே?"

அன்றிரவு நான் யோசித்துப் பார்த்தேன். என் தாயார் சொன்ன சாதனம் உலகத்தில் இல்லாததல்ல. 1492-இல் கொலம்பஸ், இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளில் இறங்கியபோது, அங்கேயிருந்த டைனோ ஜனங்கள் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பருத்தி வலையைத் தொங்கவிட்டு அதில் உறங்குவதைக் கண்டான். அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'அமாக்கா'. அந்தச் சொல்லே திரிந்து ஆங்கிலத்தில் 'ஹாமக்' ஆயிற்று. மனிதன் உண்மையாகவே இந்தியாவுக்கு வந்திருந்தால், எங்கள் வயல் ஓரத்து மரங்களில் தூளியைப் பார்த்திருப்பான். உள்ளே பெரியவர்களுக்குப் பதிலாகக் குழந்தைகள் இருப்பதைக் கண்டு சற்று ஆச்சரியப்பட்டிருப்பான். ஐரோப்பிய மாலுமிகள் அந்தப் படுக்கையைக் கப்பலுக்குள் கொண்டு போனார்கள். 1597-இல் ஆங்கிலக் கடற்படை அதை ஏற்றுக்கொண்டது. ஆளுக்குப் பதினான்கு அங்குல அகலமே இடம் என்று கணக்கு வைத்து, நூற்றுக்கணக்கான மாலுமிகளை ஒரே தளத்தில் தொங்கவிட்டார்கள். கப்பல் எவ்வளவு ஆடினாலும் தொங்கும் படுக்கை நேராகவே நிற்கும். காலையில் அதைச் சுருட்டிக் கப்பல் விளிம்பில் அடுக்கிவிட்டால் துப்பாக்கிக் குண்டுக்கு ஒரு தடுப்பும் ஆயிற்று. அமேசான் காட்டு ஜனங்களில் பலரும், பிரேசிலின் வடகிழக்குப் பிரதேசத்தாரில் பலரும், இன்றைக்கும் இரவு முழுவதும் அதிலேயே உறங்குகிறார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஒரு புன்னகை செய்தார். "ஏன் அவ்வளவு தூரம் போகிறீர்? நம் பாஷையைக் கேளும். பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல் என்று பொருள். உறக்கம் என்ற பொருள் பின்னால் வந்தது. தூங்கணாங்குருவி உறங்குகிற குருவியா? தொங்குகிற கூட்டுக் குருவி. சோழன் எறிந்த தூங்கெயில் உறங்கிய கோட்டையா? ஆகாயத்தில் தொங்கிய கோட்டை. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் உறக்கத்தை நித்திரை என்பார்கள், நீர் அங்கே போய், 'இரவு தூங்கினேன்' என்று சொன்னால் திடுக்கிட்டுப் போவார்கள்" என்றார்.

ஆக, தமிழன் தூங்குவது என்றாலே தொங்குவதுதான் என்று ஏற்பட்டது. எனக்குத் தைரியம் பிறந்துவிட்டது. பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள கெட்டியான கைத்தறித் துணி நாலு வாங்கினேன். இரண்டு முனைகளிலும் துணியைக் கொசுவிக் கயிறு கோத்துத் தைத்துக் கொடுத்தாள், உத்தரவு போட்ட அதே மனைவி. "கட்டும்போது தொய்ய விட்டுக் கட்டு, அடே. கொடிக் கயிறு மாதிரி இழுத்துக் கட்டினால் உருண்டு கீழே வருவாய்" என்றாள் தாயார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பௌதிகம் படித்தவனுக்குக் கயிறு கட்ட யாரும் சொல்லித் தர வேண்டுமா?

* * *

மாசிப் பௌர்ணமிக்கு மறுபடியும் அதே கழி, அதே சவுக்குத் தோப்பு. இந்தத் தடவை தோணியில் கூடாரமும் இல்லை, கம்பமும் இல்லை, முளையும் இல்லை. நாலு பேர் படுக்கையும் கொசுவலையும் பனிக்கு மறைப்புத் துணியும் கயிறும் எல்லாம் ஒரே சாக்கில் அடங்கிவிட்டன. தோணி லேசாகப் போயிற்று. மேடு பள்ளம், ஈரம், முள் எதைப் பற்றியும் கவலையில்லை. வேண்டியது இரண்டே மரம்.

மரத்தையும் தோணியையும் மணலையும் நிலவு வெள்ளையடித்திருந்தது. நான் என் தூளியை நன்றாக இழுத்து, வீணைத் தந்தி போல் விறைப்பாகக் கட்டினேன். அதில் ஏறிப் படுத்ததும் துணியின் இரு ஓரங்களும் என்னைத் தோளோடு சேர்த்து நெருக்கின. சிறிது புரண்டேன். மறு விநாடி சரித்திர ஆசிரியரின் சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் மணலில் கிடந்தேன். "பெருமாள் உம்மை வாசற்படியில் வைக்காமல் அடுப்படியில் வைத்துவிட்டாரே!" என்றார் அவர். மறுபடி ஏறினேன், இந்தத் தடவை கயிறு ஒன்று படீரென்று அறுந்தது.

அப்பொழுதுதான் எனக்குப் பௌதிகம் நினைவு வந்தது. ஒரு குச்சியை எடுத்து மணலில் படம் போட்டேன். கயிறு கிடைமட்டத்திலிருந்து முப்பது பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொரு கயிறும் தாங்க வேண்டிய இழுப்பு படுத்திருப்பவர் எடைக்குச் சமம். அறுபது கிலோ மனிதர் என்றால் அறுபது கிலோ. விறைப்பாகக் கட்டிச் சாய்வைப் பத்துப் பாகை ஆக்கினால் இழுப்பு நூற்று எழுபத்து மூன்று கிலோ ஆகிறது. ஐந்து பாகை ஆக்கினால் முந்நூற்று நாற்பத்து நாலு! நான் என்னையே ஆறு பேராக்கி அந்தக் கயிற்றில் ஏற்றியிருக்கிறேன். கயிறு அறாமல் என்ன செய்யும்? பாகைமானி கையில் இல்லாதவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்தால் போதும்: கிடையாக ஏழு அடிக்கு நாலு அடி ஏற வேண்டும். பதினாலு அடி இடைவெளியுள்ள இரண்டு மரங்களில் ஆள் உயரத்தில் கட்டினால், நடுப்பகுதி நாற்காலி உயரத்தில் தொய்ந்து நிற்கும். அதற்கு மேல் உயரம் வேண்டாம். தவறி விழுந்தாலும் அடி படாது.

கணக்கின் முடிவு, தொய்ய விட்டுக் கட்ட வேண்டும் என்பது. என் தாயார் அதைக் குச்சியும் மணலும் இல்லாமலே சொல்லியிருந்தாள்.

இன்னொரு ரகசியத்தைத் தமையன் மகன் கண்டுபிடித்தான். தூளியில் நேராகப் படுத்தால் முதுகு வில்லாக வளையும். குறுக்காக, தலையை ஒரு பக்கமும் காலை மறு பக்கமும் தள்ளிச் சாய்வாகப் படுத்தால் துணி விரிந்து, உடம்பு ஏறக்குறைய மட்டமாகிவிடுகிறது. துணிக்கு ஐந்தடி அகலம் வேண்டியது அதனால்தான். அப்படிப் படுத்த பத்தாவது நிமிஷம் அவனிடமிருந்து குறட்டை வந்தது. மெல்ல ஆடும் படுக்கையில் தூக்கம் சீக்கிரம் வரும் என்பது வெறும் தாய்மார் நம்பிக்கை அல்ல. ஜினீவாவில் 2011-இல் பன்னிரண்டு பேரை ஆடும் கட்டிலில் பகல் தூக்கம் தூங்க வைத்துப் பரீட்சித்த விஞ்ஞானிகள், அவர்கள் சீக்கிரமாகவும் ஆழமாகவும் உறங்கினார்கள் என்று மூளையின் அலைகளை அளந்து சொன்னார்கள். தாலாட்டுப் பாடும் எந்தப் பாட்டியும் அதைக் கேட்டு வியப்படைய மாட்டாள்.

தூளியின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மரம் இல்லாத வெறும் மணல் திட்டில் அது வெறும் துணி; அங்கே கூடாரம்தான் கதி. அடித்தரை சேர்ந்தே தைத்த, வாயை நன்றாக மூடக்கூடிய கூடாரம் பாம்பை உள்ளே விடாது. ஆனால் நம் புழுக்கத்தில் அதை மூடிக்கொண்டு எத்தனை பேர் உறங்குவார்கள்? தூளியில் காற்று முதுகின் கீழும் வீசும். சித்திரையில் அது வரப்பிரசாதம்; மாசிப் பனியில் பின்னிரவுக்கு மேல் முதுகு குளிர்ந்துவிடும்; கீழே ஒரு போர்வை விரித்துப் படுக்க வேண்டும். கொசு, கீழிருந்து துணி வழியாகவே குத்தும். வலை முழுவதும் சுற்றி வர வேண்டும். தேங்காய் காய்த்த தென்னையின் கீழும், காய்ந்த மட்டை தொங்கும் பனையின் கீழும் கட்டலாகாது. இளஞ்சவுக்கு வளையும், நன்கு பருத்ததாகப் பார்க்க வேண்டும். கயிறு பட்டையை அறுக்காதபடி மரத்தைச் சுற்றி அகலமான துணிப்பட்டை போட வேண்டும். ஓர் இரவு தங்க இடம் கொடுத்த மரத்துக்கு நாம் செய்யும் குறைந்த மரியாதை அது. மழைக் காலமானால் மேலே சாய்வாக மறைப்புக் கட்டி, தூளிக் கயிற்றில் ஒரு சிறு நூலையும் தொங்கவிட வேண்டும். கயிற்றோடு வழிந்து வரும் தண்ணீர் அந்த நூலில் இறங்கிக் கீழே சொட்டிவிடும்.

பாம்பு மரம் ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறும் பாம்புகளும் உண்டு. ஆயினும் கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு திரிவது. இரவில் இறங்க நேர்ந்தால் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே காலை வைக்க வேண்டும். செருப்பை உதறாமல் போடக் கூடாது.

அன்று என் பழைய மாணவன் வெகுநேரம் தூங்கவில்லை. நிலவு உச்சிக்கு வந்தபோது பக்கத்துத் தூளியிலிருந்து அவன் குரல் கேட்டது.

"சார், ஒன்று சொல்லட்டுமா? அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, தரையில் படுத்து நான் ஒரு நாளும் முழுசாய்த் தூங்கினதில்லை. கண்ணை மூடினால் இமை திறக்காமல் போய்விடுமோ என்று இருக்கும். போன தடவை கூடாரத்திலும் விழித்துக்கொண்டேதான் கிடந்தேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பத்து வருஷம்! அந்தப் பிள்ளை என் வகுப்பில் பல நாள் தூங்கி விழுந்ததுண்டு. பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்தவன் நான்தான்.

"இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. எழுந்து பார்த்தேன். தூளி மெள்ள மெள்ள ஆடிக்கொண்டிருந்தது, அவன் உறங்கிவிட்டான்.

* * *

தோணிப் பிரயாணம் செய்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஊருக்கு நாலு பைத்தியம் இருக்கலாம். தரையில் உறங்குகிறவர்களோ லட்சக்கணக்கானவர்கள். அவர்கள் எல்லாரையும் மரத்தில் தொங்கச் சொல்ல நான் வரவில்லை. தரையிலிருந்து ஒரு முழ உயரம் வேண்டும், அதுதான் விஷயம். கயிற்றுக் கட்டில் போதும். அதுவும் இயலாவிட்டால் ஒரு கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் கீழே நன்றாகச் செருகிவிட்டால் போதும். நேபாளத்தின் தென்கிழக்குக் கிராமங்களில் ஆராய்ந்து, வலைக்குள் உறங்குகிறவர்களுக்குப் பாம்புக் கடி வெகுவாகக் குறைகிறது என்று 2007-இல் பிரசுரித்திருக்கிறார்கள். சில நூறு ரூபாயில் முடியும் காரியம். நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் குடிசையில் அந்த வலை இருக்கிறதா என்று ஒரு முறை விசாரிப்பதற்குச் செலவே கிடையாது.

என் பழைய மாணவன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். ஓரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துவிட்டதாம். முதல் சம்பளத்தில் என்ன வாங்கப் போகிறாய் என்று கேட்டாள் என் தாயார்.

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு கட்டில், பாட்டி."

"உனக்கு?"

"எனக்குத் தூளி இருக்கிறதே!" என்றான்.

என் தாயார் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தொய்ய விட்டுக் கட்டுகிறாயா?" என்று மட்டும் கேட்டாள்.